திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்வராயன் மலைக் கடை

சாமைக்காகப் போங்கள். புளிக்காகவும் கடுக்காய்க்காகவும் போங்கள். தேனை மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள். அவசரமாகப் படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்கள் சற்று உட்கார்ந்து படியுங்கள்; இந்தச் சிறிய கடையைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

பாடலீசுவரர் கோயில் தேரடியிலிருந்து நடந்தே போய்விடலாம். சந்துக்குள் ஒரு தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் இருக்கிறது. பலகையில் ‘கல்வராயன் மலைப் பொருள்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். உள்ளே நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். நடத்துபவர்கள் ஓர் இளம் தம்பதி. கணவர் மலையில் பிறந்து வளர்ந்தவர். மனைவி நெல்லிக்குப்பத்துப் பெண். தராசுக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தப் பெண்தான் நிற்கிறார். எடை சரியாக நின்ற பிறகும் ஒரு பிடி அள்ளிப் போடுவார்.

நான் முதலில் கவனித்தது சாக்குகளில் செருகியிருந்த அட்டைகளை. ‘கிளாக்காடு, சாமை, ஐப்பசி’ என்று ஒன்று. ‘இன்னாடு, புளி, மாசி’ என்று இன்னொன்று. ‘சேராப்பட்டு, கடுக்காய், தை’ என்று மூலையில் ஒன்று. கடலூரில் மலைப்பொருள் என்று சொல்லி விற்கும் இடங்களுக்குக் குறைவில்லை. எந்த மலை என்று கேட்டால் இன்றைக்குக் கொல்லிமலை என்பார்கள், அடுத்த மாதம் ஜவ்வாது மலை என்பார்கள். இங்கே ஊரும் மாதமும் எழுத்தில் இருக்கின்றன. கேட்டால் யாருடைய கொல்லையில் விளைந்தது என்பதையும் சொல்கிறார்கள்.

எனக்கு அந்த ஊர்ப்பெயர்கள் பழக்கமானவை. மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்த காலத்தில் கடலூர், தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம். 1993-இல் மாவட்டம் பிரியும் வரை கள்ளக்குறிச்சியும் அதற்கு மேற்கே நிற்கும் மலையும் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தன. பிறகு அவை விழுப்புரத்தோடு போயின. 2019-இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமானது. மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின், அதாவது பரம்பரை நிலவுடைமைக் குடும்பங்களின், ஆளுகையில் தலைமுறை தலைமுறையாக இருந்த மலை அது. 1976-இல்தான் அரசு அந்த ஜாகீர்களைக் கையில் எடுத்தது. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகு! அதற்குப் பிந்தைய நில அளவைக் கோப்புகள் என் மேசைக்கும் வந்தன. சேராப்பட்டு, இன்னாடு, வெள்ளிமலை, கரியாலூர் என்று தட்டச்சு செய்துகொண்டே இருப்பேன். பயிர் என்ற கட்டத்தில் சாமை, கேழ்வரகு, சாமை, கேழ்வரகு என்று வந்துகொண்டே இருக்கும். அந்தச் சாமை எப்படி இருக்கும் என்று எங்கள் பிரிவில் இருந்த யாருக்கும் தெரியாது.

இப்போது தெரியும். இந்தக் கடையின் சாமை அரிசி தீட்டாதது. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், பொடிப் பொடியான மணி. கையில் எடுத்து உரசினால் தவிடு லேசாக ஒட்டும். பெரிய கடைகளில் கண்ணாடிப் பை போட்டு விற்கும் சாமை வெள்ளையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். அது சமைத்தால் குழையும், மணக்காது. இது வேகும்போதே புது நெல் அவித்த வாசனை போல ஒன்று அடுப்படியில் நிற்கும். கிலோ 120 ரூபாய். பெரிய கடைப் பையைவிட மலிவு.

குறையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உமி நீங்காத மணிகள் அங்கங்கே தென்படும். சிறு கல்லும் உண்டு. இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு பழைய முறையில் அரித்து எடுக்கத் தெரியாதவர்கள் முதல் முறை பல்லில் கல் கடிபட்டு வெறுத்துவிடக்கூடும். கடையில் அரிப்பதற்குச் சொல்லித் தருகிறார்கள் என்றாலும், கல் நீக்கித் தருவது விற்பவர் வேலை. இதை அவர்களிடமே சொன்னேன். சல்லடை மாற்றியிருக்கிறார்கள், கல் குறைந்திருக்கிறது, அடியோடு போகவில்லை.

இன்னொன்று: தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தீட்டாத சாமை அரிசி நெடுநாள் தாங்காது. இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை வந்துவிடும். உமியோடு இருக்கும் சாமையோ வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் இவர்கள் உமியோடுதான் மலையிலிருந்து இறக்குகிறார்கள், தேவைக்கு ஏற்ப உடைக்கிறார்கள். என்றைக்கு உடைத்தது என்று கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை, வீட்டுக்குப் போதுமான அளவு மட்டும்.

சமைக்கும் முறை பற்றிப் பலர் கேட்கிறார்கள். அரை மணி நேரம் ஊறட்டும். பானையில் வடித்துச் சாப்பிடுவதானால் தண்ணீரைத் தாராளமாக வைத்துக் கொதித்த பிறகு போடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். குக்கரில் என்றால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். தயிர்ச் சோற்றுக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் குழைய விடுங்கள், ஏனென்றால் ஆறும்போது சாமை இறுகும். எங்கள் வீட்டில் நெத்திலிக் குழம்புக்குச் சாமைச் சோறுதான் என்று முடிவாகிவிட்டது. குழம்பை மணிமணியாகக் குடித்துக்கொள்ளும். என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சாமையும் மாவுச்சத்துதான், அளவு பார்த்துத்தான் போடுகிறேன். ‘சர்க்கரைக்கு மருந்து’ என்று எழுதிய பலகை எதுவும் இந்தக் கடையில் இல்லை. அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

கடைக்காரத் தம்பி ஒரு முறை மலையில் இருக்கும் தம் ஊருக்கு அழைத்துப் போனார். கடலூரிலிருந்து பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி போய்ச் சேரவே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. பெரியார் அருவி வரை சுற்றுலா வண்டிகள் கூட வந்தன. கோடை விழா நடக்கும் கரியாலூரில் படகுக் குழாம் இருப்பதால் அங்கே கூட்டம் நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் மலைக்காரர்கள் மட்டும்தான். நாங்கள் போன சிற்றூருக்குக் கடைசி ஒரு மைல் நடைதான். நாற்பது வீடு இருக்கலாம். நடுவில் மாரியம்மன் கோயில், ஒரு கைப்பம்பு, கோயிலை ஒட்டி மூடிக் கிடந்த ஒற்றை அறைக் கட்டடம். வீட்டைச் சுற்றிலும் சரிவில் கொல்லைகள். கள்ளக்குறிச்சியின் வெயில் அங்கே ஏறவில்லை. மத்தியானத்திலும் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

தம்பியின் தாயார் எனக்கு உரலைக் காட்டினார். சாமையை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி, மறுபடியும் புடைத்தால்தான் ஒரு வேளைக்கு அரிசி தேறும். நான்கு பிள்ளைகளுக்கு இரண்டு வேளை சோறு என்றால் விடியுமுன் உலக்கையைத் தூக்க வேண்டும். “ரேஷன் அரிசி வந்த பிறகு உலக்கையை மூலையில் சாத்திவிட்டோம், அக்கா” என்றார். 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. தோள் வலிக்க வலிக்கக் குத்திய பெண்கள் அந்த வேலையை விட்டதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாமை வீட்டுச் சட்டியிலிருந்து போனதும் கொல்லையிலிருந்தும் போயிற்று. அந்த இடத்தில் மரவள்ளி வந்தது. லாரி ஏறி வந்து கிழங்கை அள்ளிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. கையில் மொத்தமாகப் பணம் கிடைக்கிறது. விலை ஏறிய ஆண்டில் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை, விழுந்த ஆண்டில் கடன். சரிவான நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகி, அடுத்த மழையில் கீழே ஓடுகிறது. ஓடி வருவது எங்கே? மலையில் பிறக்கும் கோமுகி மணிமுத்தாற்றில் சேர்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தாண்டி வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு நம்முடைய பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. மாவட்டத்தை எத்தனை முறை பிரித்தாலும் அந்த மண் நம் கரைக்குத்தான் வருகிறது.

இதனால்தான் நான் இந்தக் கடையைச் சாதாரண மளிகைக் கடையாகப் பார்க்கவில்லை. தம்பி ஆனி மாதத்தில் மலைக்குப் போகிறார். இந்த ஆண்டு எத்தனை மூட்டை சாமை எடுத்துக்கொள்ள முடியும் என்று வீடு வீடாகச் சொல்கிறார், ஒரு பகுதிப் பணத்தை விதைப்புக்கு முன்பே கொடுக்கிறார். ஆடி மழையில் விதைக்கிறார்கள், ஐப்பசியில் அறுக்கிறார்கள். உடைப்பது கள்ளக்குறிச்சியில் ஒரு சிறு இயந்திரத்தில். உலக்கை மூலையிலேயே இருக்கலாம், சாமை மட்டும் கொல்லைக்குத் திரும்பி வரட்டும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் முன்னே தெரிந்த ஒரு சரிவைக் காட்டி, “இது போன வருடம் வரை கிழங்குக் கொல்லை, அம்மா” என்றார். முழங்கால் உயரத்துக்குச் சாமை நின்றது. மேலே இருப்பவர்கள் எதை விதைப்பது என்பது கீழே இருக்கும் நாம் எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு இவ்வளவு நேராகப் பிணைந்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

புளிக்கு வருகிறேன். கடலூர்க்காரர்களுக்குப் புளியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதுநகர் துறைமுகத்தில் மீன் இறங்கும் ஊர் இது. இன்னாட்டுப் புளி நார் அதிகம், சதை குறைவு, ஆனால் புளிப்பு கூர்மை. வழக்கமாகப் போடும் எலுமிச்சை அளவில் பாதி போதும். புதிதாக இருக்கும்போது செம்பழுப்பு. அந்த நிறத்தில் வைக்கும் மத்திக் குழம்பு பார்க்கவே நன்றாக இருக்கும். கொட்டை எடுத்தது, எடுக்காதது என இரண்டு விலை. எடுக்காததை வாங்கி வீட்டில் உட்கார்ந்து தட்டி, உப்புத் தூவி, மண்சட்டியில் அமுக்கி வைப்பது லாபம். பழம்புளி வேண்டும் என்பவர்கள் கேட்டால் சென்ற ஆண்டின் கருத்த புளியும் உள்ளே இருந்து வரும். அதை அட்டையில் எழுதி வெளியே வைக்காதது ஏன் என்று தெரியவில்லை. சாம்பாருக்கு அதுதான் பொருத்தம்.

கடுக்காய் வாங்க வருகிறவர்களைப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். ஒரு பக்கம் என்னைப் போன்ற வயதானவர்கள், மாலையில் கடுக்காய்ப் பொடி சாப்பிடும் வழக்கத்துக்காக. இன்னொரு பக்கம் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வரும் கொத்தனார்கள். அங்கே பழைய வீடுகளைச் செப்பனிடும்போது சிமெண்ட் போடாமல் சுண்ணாம்புச் சாந்து பூசுகிறார்கள். சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேரும். சாந்து இறுகிப் பிடிக்க அதுதான் பக்குவம் என்று ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அவர்கள் சாக்காக எடுக்கிறார்கள், நாம் நூறு கிராம். இருவருக்கும் ஒரே சரக்கு, ஒரே முகம். நல்ல கடுக்காய் கனமாக இருக்கும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள், தருவார்கள். உள்ளே இருக்கும் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் இடித்துச் சலிக்க வேண்டும். பொடியாகவும் விற்கிறார்கள், நான் வாங்குவதில்லை, முழுக்காயை வாங்கி இடிப்பதுதான் எனக்கு நம்பிக்கை. மலையில் காட்டுக்குள் போய்ப் பொறுக்கி வருகிறவர்களுக்கு இது தை, மாசியில் கிடைக்கும் கைப்பணம். இத்தகைய சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு எழுத்தில் தந்திருக்கிறது. லேம்ப் என்று மலையில் சொல்லும் கூட்டுறவுச் சங்கம் என்ன விலைக்கு எடுக்கிறது, தாம் என்ன விலைக்கு எடுக்கிறோம் என்பதைத் தம்பி கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதிப் போடுகிறார். வாங்குகிற விலையை எழுதிப் போட்ட இன்னொரு கடையை எனக்குக் காட்டுங்கள்.

இனி தேன். சாக்குக்குச் சாக்கு அட்டை செருகுகிறவர்கள் தேன் புட்டியில் ‘சுத்தமான மலைத்தேன்’ என்று மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். ஊர் இல்லை, மாதம் இல்லை. கோடையில் வாங்கியதும் கார்த்திகையில் வாங்கியதும் ஒரே நிறம், ஒரே கெட்டி, ஒரே வாசனை. காட்டுத்தேன் அப்படி இருக்காது. எந்த மரம் பூத்ததோ அதற்கு ஏற்ப நிறமும் சுவையும் மாறும். பாறையில் கட்டும் பெருந்தேனீயின் தேன் வேறு, மரப்பொந்தில் எடுக்கும் அடுக்குத்தேன் வேறு, புதர்க் கிளையில் தொங்கும் கொம்புத்தேன் வேறு. கேட்டதற்குத் தம்பி மறைக்கவில்லை. தேனை மட்டும் கீழே ஒரு வியாபாரியிடம் வாங்குவதாகச் சொன்னார். தண்ணீரில் விட்டுக் காட்டவும் முன்வந்தார். தண்ணீர்ச் சோதனை, காகிதச் சோதனை, எறும்புச் சோதனை எதுவும் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அப்படியேதான் இறங்கும். தேன் உறைந்தால் கலப்படம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவரையும் அங்கே பார்த்தேன். நல்ல தேனும் உறையும், அது குற்றமில்லை. குற்றம் அந்த ஒட்டுத்தாளில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருளின் மேல் மலை என்ற சொல் இருக்கக்கூடாது. மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு நேர்மையாக இருக்கும் கடையில் இந்த ஒரு புட்டி என்னை உறுத்துகிறது. ஒன்று, ஊரும் மாதமும் தெரிந்த தேனை, கிடைக்கிற காலத்தில் மட்டும், கிடைக்கிற அளவில் விற்கட்டும். இல்லையென்றால் தேனே வேண்டாம்.

தினையும் வரகும் இருக்கின்றன. அவை மலையுடையவை அல்ல என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறார்கள், சரக்கு சுமார். கேழ்வரகு நன்று, முளைகட்ட ஏற்றது. மலைப் பலாவும் வைகாசியில் வருகிறது. பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது நாம் அதை ஏன் வாங்க வேண்டும்? கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் இரண்டு மூன்று அலமாரியில் நிற்கின்றன. அவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

சேவையில் சில குறைகள். கடை திறக்கும் நேரம் என்று ஒன்று பலகையில் இருக்கிறது, ஆனால் தம்பி மலைக்குப் போகும் நாள்களில் காலையில் திறப்பதில்லை, அறிவிப்பும் வைப்பதில்லை. முட்டிவலியோடு ஆட்டோ பிடித்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது கிடையாது. பை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும். பிளாஸ்டிக் பை தரமாட்டார்கள், அது சரிதான். ரசீது கேட்டால் கையால் எழுதித் தருவார்கள். கைப்பேசியில் பணம் செலுத்தலாம்.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் சரக்கு ஒரு வாரம் தள்ளிப்போகும், அப்போது சாக்குகள் காலியாக இருப்பதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். இடத்தை நிரப்ப வேறெங்கோ வாங்கிப் போடாமல் காலியாக வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். புதுச் சாமை தீபாவளியை ஒட்டி வரும். மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் தேவைப்படும் குடும்பமாக இருந்தால், அல்லது கல்யாணம், காதுகுத்து என்று மொத்தமாக வேண்டுமென்றால், ஆனி பிறந்ததும் போய்ச் சொல்லி வையுங்கள். விதைப்புக்கு முன் தம்பி மலைக்கு எடுத்துப் போகும் நோட்டில் உங்கள் பெயரையும் மூட்டைக் கணக்கையும் எழுதிக்கொள்வார். முன்பணம் கேட்க மாட்டார்.